புதிய மென்பொருளில் முன்கணிப்புத் துல்லியம் கூடுகிறது, கிடங்கில் தட்டுப்பாடு ஏன் குறையவில்லை?

கேள்வி: உதிரிபாகத் திட்டமிடுநர்

இயந்திர உதிரிபாகங்களை மொத்தமாக வாங்கி, ஒரு மையக் கிடங்கிலிருந்து மண்டலக் கிடங்குகளுக்கு அனுப்பும் நிறுவனத்தின் திட்டமிடல் பிரிவில் பணியாற்றுகிறேன். எக்செல் தாள்களில் நடந்துவந்த வேலையைச் சென்ற ஆண்டு ஈஆர்பியோடு (கொள்முதல், இருப்பு, கணக்கு ஆகியவற்றை ஒருங்கே நடத்தும் மென்பொருள்) இணைந்த முன்கணிப்பு மென்பொருளுக்கு மாற்றினோம். மாதாந்திர அறிக்கையில் துல்லியம் உயர்ந்துகொண்டே வருகிறது. கிடங்கிலோ, சரக்கு இல்லையென்று திருப்பியனுப்பும் ஆர்டர்களும் குறையவில்லை, அசையாமல் தேங்கிக் கிடக்கும் சரக்கும் குறையவில்லை. எப்போதாவது விற்கும் பாகங்களுக்கு மென்பொருள் பெரும்பாலும் பூஜ்யம் என்றே கணிக்கிறது. திட்டமிடுநர்கள் அந்த எண்களை நம்பாமல் மாதந்தோறும் கையால் திருத்துகிறார்கள்.

கூடுதல் கட்டணம் செலுத்தி இயந்திரக் கற்றல் பகுதியைச் சேர்த்துக்கொண்டால் இவையெல்லாம் தீர்ந்துவிடும் என்று மென்பொருளை விற்றவர்கள் சொல்கிறார்கள். மேலாண்மையும் அதற்கு இசைந்துவிடும் போலிருக்கிறது. அதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1: எண்ணும் இருப்பும்

முதலில் அந்தத் துல்லிய எண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று எழுத்து மூலம் கேளுங்கள். சராசரி விழுக்காட்டுப் பிழையாக (ஒவ்வொரு மாதப் பிழையையும் அம்மாத விற்பனையால் வகுத்து எடுக்கும் சராசரி) இருந்தால், விற்பனையே இல்லாத மாதத்தில் பூஜ்யத்தால் வகுக்க நேரும். ஆகவே பல மென்பொருள்கள் அம்மாதங்களை ஓசையின்றிக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகின்றன. உதிரிபாக வணிகத்தில் அப்படி நீக்கினால் மீதமிருப்பது மிகச் சொற்பம்.

பிழையின் அளவை மட்டும் கூட்டும் முறைக்கு மாறினாலும் வேறொரு சிக்கல் வரும். ஒரு பாகத்தின் பன்னிரண்டு மாத விற்பனை 0, 0, 6, 0, 0, 0, 0, 4, 0, 0, 0, 2 என்று வைத்துக்கொள்வோம். சராசரி மாதத்துக்கு 1. எல்லா மாதங்களுக்கும் 1 என்று கணித்தால் மொத்தப் பிழை 18, எல்லாவற்றுக்கும் பூஜ்யம் என்று கணித்தால் 12. அறிக்கையின்படி பூஜ்யமே சிறந்த கணிப்பு. அதை நம்பினால் அந்தப் பாகத்தை ஒருபோதும் வாங்க மாட்டீர்கள். இந்த அளவுகோல் இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண், இங்கே பூஜ்யம்) நோக்கி இழுக்கும், உங்களுக்கு வேண்டியதோ சராசரியும் அதைச் சுற்றிய ஏற்ற இறக்கமும். துல்லியம் உயர்ந்ததும் தட்டுப்பாடு நீடிப்பதும் ஒரே காரணத்தால் விளைந்தவையாக இருக்கலாம்.

இத்தகைய விட்டுவிட்டு வரும் தேவைக்கென்றே 1972-இல் கிராஸ்டன் என்ற ஆய்வாளர் ஒரு முறையை வகுத்தார்: எவ்வளவு விற்கிறது என்பதையும், இரு விற்பனைகளுக்கு இடையே எவ்வளவு காலம் செல்கிறது என்பதையும் தனித்தனியே கணிப்பது. அது சற்றே மிகையாகக் கணிக்கும் என்பதால் சின்டெடாஸும் பாய்லனும் பின்னர் ஒரு திருத்தம் சேர்த்தனர். உங்கள் மென்பொருளிலேயே இவை இருக்கக்கூடும்; பாகங்களை வகைப்படுத்தாததால் அணைந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள்.

மறுமொழி 2: கொள்முதல் பக்கத்திலிருந்து

மேலே சொன்னது சரி. ஆயினும் என் பார்வையில் பெரிய ஓட்டை கணிப்புச் சூத்திரத்தில் இல்லை, அதற்கு ஊட்டப்படும் தரவில் இருக்கிறது.

லீட் டைமை, அதாவது ஆர்டர் போட்டது முதல் சரக்கு வந்துசேரும் வரையான காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாகம் நாளொன்றுக்குச் சராசரியாக 20 விற்கிறது, அதன் திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றிய ஏற்ற இறக்கத்தின் அளவு) 8, சரக்கு வந்துசேர 16 நாள்கள் ஆகும் என்போம். அந்த 16 நாள் மாறவே மாறாது என்று மென்பொருள் கருதினால், அந்த 16 நாள் தேவையின் திட்டவிலக்கம் 32 (8-ஐ 16-இன் வர்க்கமூலமான 4-ஆல் பெருக்கியது). சுழற்சிக்கு 95 விழுக்காடு சேவை அளவுக்கு (நூறு கொள்முதல் சுழற்சிகளில் 95-இல் தட்டுப்பாடு வராதிருக்க) 1.65-ஆல் பெருக்கினால், காப்பிருப்பு, அதாவது ஏற்ற இறக்கத்தைத் தாங்கக் கூடுதலாக வைக்கும் சரக்கு, ஏறத்தாழ 53. இப்போது வழங்குநரின் லீட் டைமே 5 நாள் திட்டவிலக்கத்துடன் ஆடுகிறது என்று சேர்த்துக் கணக்கிடுங்கள். காப்பிருப்பு ஏறத்தாழ 173 ஆகிவிடும். தேவையின் முன்கணிப்பை நீங்கள் எவ்வளவு கூர்மையாக்கினாலும் இந்த இடைவெளி மூடாது. பெரும்பாலான ஈஆர்பி மாஸ்டர்களில் (பொருள்களின் அடிப்படை விவரப் பதிவேடு) லீட் டைம் என்பது, பொருளைப் பதிவுசெய்த நாளில் யாரோ நிரப்பிய ஒரே எண்.

அடுத்தது, மென்பொருளுக்கு நீங்கள் தருவது விற்பனையா, தேவையா? சரக்கு இல்லாததால் திருப்பியனுப்பிய ஆர்டர் விற்பனைப் பதிவில் ஏறாது. தட்டுப்பாடு நேர்ந்த மாதத்தைத் தேவை குறைந்த மாதமென்று மென்பொருள் கற்றுக்கொண்டு, அடுத்த முறை இன்னும் குறைவாக வாங்கச் சொல்லும், அதனால் மீண்டும் தட்டுப்பாடு வரும்.

மையக் கிடங்கின் கணிப்பு மண்டலக் கிடங்குகளின் ஆர்டர்களைக் கொண்டு நடக்கிறதா என்பதையும் பாருங்கள். வாடிக்கையாளரின் சிறு அசைவு, சங்கிலியில் மேலே செல்லச் செல்லப் பெருத்துக்கொண்டே போகும் என்பதை ஃபாரஸ்டர் என்ற ஆய்வாளர் 1958-லேயே காட்டிவிட்டார். மண்டலங்கள் கட்டுக்கட்டாகவோ, தட்டுப்பாட்டுக்கு அஞ்சி இருமடங்காகவோ ஆர்டர் போட்டால், நீங்கள் கணிப்பது அவர்களின் அச்சத்தைத்தான்.

மறுமொழி 3: மாதிரிகளைச் சோதிப்பவன்

இயந்திரக் கற்றலை முற்றாக ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. 2020-இல் வால்மார்ட்டின் விற்பனைத் தரவை வைத்து நடந்த எம்5 என்ற முன்கணிப்புப் போட்டியில் 42,840 காலத்தொடர்களை (கால வரிசையில் பதிவான விற்பனை எண்கள்) கணிக்க வேண்டியிருந்தது. அவற்றுள் விட்டுவிட்டு விற்கும் பொருள்களும் நிறைய. முன்னணியில் நின்றவர்கள் லைட்ஜிபிஎம் போன்ற இயந்திரக் கற்றல் முறைகளைப் பயன்படுத்தி, பல தொடர்களிலிருந்து ஒருங்கே கற்கச் செய்தனர். தனக்கென்று போதிய வரலாறு இல்லாத பொருளுக்கு இது உண்மையிலேயே உதவும். அதே போட்டியில் பங்கேற்ற அணிகளில் மிகப் பெரும்பாலானவற்றால், எளிய அடுக்குக்குறிச் சீராக்கத்தைக்கூட (அண்மை விற்பனைக்கு அதிக எடை தரும் சராசரி முறை) விஞ்ச முடியவில்லை என்பதையும் விற்பவர்களிடம் நினைவூட்டுங்கள். அங்கே விலை, விழா நாள் போன்ற விவரங்களும் கிடைத்தன. உங்களிடம் அவற்றுக்கு ஈடாக எத்தனை இயந்திரங்கள் எந்த வயதில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்ற விவரம் உண்டா? அது இல்லாமல் வெறும் விற்பனை வரலாற்றை மட்டும் கொடுத்தால் பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்க இயலாது.

ஆகவே விற்பவர்களிடம் விளக்கப்படம் கேட்காமல் ஒரு சோதனை கேளுங்கள். உங்கள் தரவின் கடைசி ஆண்டை மறைத்துவிட்டு, அன்று தெரிந்திருந்த தகவலை மட்டும் கொண்டு மாதம் மாதமாகக் கணிக்கச் சொல்லுங்கள். எளிய முறை ஒன்றையும் பக்கத்தில் ஓடவிட்டு, தட்டுப்பாடும் இருப்பின் மதிப்பும் எப்படி மாறியிருக்கும் என்று ஒப்பிடுங்கள். மறுத்தால் அதுவும் ஒரு விடைதான்.

திருத்தங்களைப் பொறுத்தவரை, மென்பொருள் தந்த எண், திட்டமிடுநர் மாற்றிய எண், உண்மையில் நடந்தது ஆகிய மூன்றையும் சேமித்து வையுங்கள். பலர் கடைசி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு முதல் எண்ணை அழித்துவிடுகிறார்கள். ஃபில்ட்ஸ், குட்வின் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு சிறு திருத்தங்கள் பெரும்பாலும் பயன் தரவில்லை என்றும், கணிப்பைக் கீழிறக்கும் பெரிய திருத்தங்கள் துல்லியத்தைக் கூட்டின என்றும் கண்டனர். தடை செய்வதைவிட, எந்த அளவுக்கு மேல் திருத்தலாம், காரணத்தை எங்கே எழுதுவது என்று வரையறுப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்: உதிரிபாகத் திட்டமிடுநர்

மூவருக்கும் நன்றி. மாஸ்டரைத் திறந்து பார்த்தேன். ஏறத்தாழ எல்லா வழங்குநர்களுக்கும் லீட் டைம் 30 என்றே இருக்கிறது. பழைய கொள்முதல் பதிவுகளிலிருந்து உண்மையான கால அளவைக் கணக்கிட எண்ணியுள்ளேன். ஆர்டர் தேதியிலிருந்து சரக்கு வரவுப் பதிவுத் தேதி வரை எடுத்துக்கொண்டால் போதுமா?

மறுமொழி 2: கொள்முதல் பக்கத்திலிருந்து

ஆர்டர் தேதி என்றால் வழங்குநருக்கு அனுப்பிய தேதியை எடுங்கள். உள் ஒப்புதலுக்குக் காத்திருந்த நாள்களும் உங்கள் காப்பிருப்பைத் தின்பவையே, ஆனால் அவற்றைத் தனி நிரலில் வையுங்கள். அது வழங்குநரின் குறையன்று. ஒரே ஆர்டர் பகுதி பகுதியாக வந்திருந்தால் முதல் வரவை மட்டும் எண்ணாமல், ஒவ்வொரு வரவுக்கும் அதன் அளவுக்கேற்ற எடை கொடுங்கள். தரச் சோதனையில் நின்றுபோன சரக்கு, அங்கிருந்து விடுவிக்கப்பட்ட நாளில்தான் வந்ததாகக் கொள்ளப்பட வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே ஆர்டர் போடும் வழங்குநர்களுக்கு இந்தத் திட்டவிலக்கம் நம்பத்தக்கதாக இராது. அத்தகையவர்களை நாடு, போக்குவரத்து முறை போன்ற ஒற்றுமை கண்டு குழுவாக்கிக் கணக்கிடுங்கள்.