‘வழக்காணோ?’ன்னு கேட்டாங்க

வேலந்தாவளம் அக்கா:

போன வாரம் இங்க ஒரு தங்கச்சி கேட்டிருந்துச்சு, "கட்டிக்குடுத்தது கேரளாவுல, அம்மா வீடு தமிழ்நாட்டுல, அடி வாங்கினா எந்த ஸ்டேஷனுக்குப் போறது?"ன்னு. அதுக்குப் பதில் தெரியறதுக்குள்ள நான் நாலு பஸ் மாறினேன். கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்குங்க.

நான் பொறந்தது பொள்ளாச்சிப் பக்கம். வாக்கப்பட்டது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா. நடுவுல ஒரு செக்போஸ்ட்டுதான். அங்கயும் தமிழ்தான், அதே தென்னந்தோப்புதான். சம்பந்தம் பேசறப்ப இது வேற மாநிலம்ங்கற நெனப்பே யாருக்கும் வரல.

அன்னிக்கு ராத்திரி அவரு பெல்ட்டை எடுத்தாரு. விடியறதுக்குள்ள ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிட்டு முதல் பஸ் ஏறிட்டேன். அம்மா வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன்ல, "சம்பவம் நடந்தது கேரளாவுலதானேம்மா, அங்க போய்க் குடுங்க"ன்னுட்டாங்க. மறுபடி பஸ். கேரளாவுல மரியாதையாத்தான் உட்கார வெச்சாங்க, தண்ணி குடுத்தாங்க. எழுதறவரு "வழக்காணோ?"ன்னாரு. கேஸ் போடணுமான்னு கேக்கறாருன்னு நெனச்சு, "ஆமாங் சார், வழக்குதான்"னு தலையாட்டினேன். எழுதி நீட்டினாரு. பேனாவைக் கையில வாங்கிட்டேன். என் பொண்ணு அப்ப நாலாவது, மலையாளம் மீடியம். எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு, "அம்மா, அப்பா அடிச்சதே இதுல இல்ல. வழக்குன்னா சண்டை. நீயும் அப்பாவும் சண்டை போட்டுக்கிட்டீங்கன்னுதான் இருக்கு"ன்னா.

கையெழுத்துப் போடாம எந்திரிச்சேன். அவரு வேணும்னே எழுதினாருன்னு நான் சொல்ல மாட்டேன். அவரு கேட்டாரு, நான் ஆமான்னேன். ஆனா ஒம்பது வயசுப் பிள்ளை அதைப் படிச்சுச் சொல்ல வேண்டி வந்துச்சு பாருங்க, அது இன்னும் ஆறல.

எங்க குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துச் (கேரளாவுல பொம்பளைங்க சுய உதவிக் குழு) சேச்சிதான் சினேகிதாவுக்குப் போன் போட்டுக் குடுத்தாங்க. குடும்பஸ்ரீ 2013ல ஆரம்பிச்ச உதவி மையம் அது. தங்க இடம், சோறு, பேச ஒரு கவுன்சிலர். முதல் நாள் நான் எதுவும் பேசல, தூங்கினேன். பிள்ளைக பொறந்ததுக்கு அப்புறம் அப்படித் தூங்கினதே இல்ல. மறுநாள் கவுன்சிலர் தமிழ்லயே சொன்னாங்க: 2005ல வந்த குடும்ப வன்முறைச் சட்டத்துல 27வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. நான் குடியிருந்த ஊரு, அவரு இருக்கற ஊரு, நான் இப்பத் தற்காலிகமா ஒதுங்கியிருக்கற ஊரு, எந்த ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுலயும் மனுப் போடலாம். அங்க போடற உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும்.

அதனால அம்மா வீட்டுக்கே வந்து, மாவட்ட சமூக நல அலுவலகத்துல, இந்தச் சட்டத்துக்குன்னே இருக்கற பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தேன். அந்தம்மா தமிழ்ல எழுதினாங்க. ஒவ்வொரு வரியும் படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன். வக்கீலுக்கும் காசில்ல. பொம்பளைன்னாலே போதும், வருமானம் பார்க்காம சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல வக்கீல் வெச்சுத் தருவாங்க. மனுவை அறுபது நாளுக்குள்ள முடிக்கப் பார்க்கணும்னு சட்டத்துல இருக்காம். எனக்கு ஏழு மாசம் ஆச்சு, எல்லாம் வாய்தா.

சட்டம் படிக்கும் பையன்:

அக்கா, உங்களைத் திருப்பி அனுப்பினதே தப்பு. அடி தாங்காம வந்து அடைக்கலம் புகுந்த ஊர்லயே, புருஷன் வீட்டுக் கொடுமைக்கான 498ஏ புகார் குடுக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 2019லயே சொல்லிடுச்சு. 2024 ஜூலையிலேருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாங்கற புதுக் குற்றச் சட்டத்துல 85வது பிரிவு. எல்லை எங்களுது இல்லன்னு சொன்னா, ‘ஜீரோ எஃப்ஐஆர் போட்டு அனுப்புங்க’ன்னு கேளுங்க. எந்த ஸ்டேஷன்லயும் புகாரைப் பதிஞ்சு, சேர வேண்டிய ஸ்டேஷனுக்கு அவங்களே அனுப்பறதுதான் அது.

மூணாறு கொழுந்துக்காரி:

எனக்கு ஓடிப் போறதுக்கு அம்மா வீடே கிடையாது. பாட்டி காலத்துலயே மலையேறுனவங்க நாங்க. கீழ எங்களுக்குன்னு ஒரு ஓட்டு வீடு இல்ல.

லயம்னா தேயிலை எஸ்டேட்ல தொழிலாளிக்குக் குடுக்கற வரிசை வீடு. இந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் சுவர் ஒண்ணுதான். பக்கத்துல டிவி சத்தத்தைக் கூட்டுனா எனக்கு அடி விழுதுன்னு அர்த்தம். கேக்காத மாதிரி இருக்கணும்ல, அதுக்குத்தான் கூட்டுவாங்க. நல்லவங்கதான், காலையில மஞ்சப்பத்து அரைச்சுக் குடுப்பாங்க.

பொம்பளைங்க உதவி எண் 181க்குப் போட்டேன். ஹோமுக்கு வாங்கன்னாங்க. போனா கொழுந்து வேலை போகும், வேலை போனா லயம் போகும். லயம் எம்பேருல. அவரு பெயிண்டிங் வேலை, எஸ்டேட்ல பேரே இல்ல. அப்ப நான் ஏன் போகணும்? இதைத்தான் அந்த மேடத்துக்கிட்டக் கேட்டேன். அவங்க கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "குடும்ப வன்முறைச் சட்டம் 19வது பிரிவுல அவரை வெளியேறச் சொல்லிக் கேக்கலாம்"ன்னாங்க. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போச்சு. ஆனா கோர்ட் சொல்லுச்சு, அவரு பெட்டியைத் தூக்கிட்டுப் போனாரு. லயத்துல பாதிப் பேரு அவருக்காக அழுதாங்க. எனக்காக ஒருத்தரும் அழுததில்ல.

ரெண்டு தடவை குடிச்சுட்டு வந்து கதவைத் தட்டுனாரு. உத்தரவை மீறுனா ஒரு வருசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா இருபதாயிரம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்த்தும் போடலாம்னு சொல்லியிருந்தாங்க. ரெண்டாவது தடவை அவசர எண் 112க்கு அடிச்சேன். இப்ப போடியில தங்கச்சி வீட்டுல இருக்காராம்.

புதுசா வந்தவள்:

வீடு மாமனார் பேருல இருக்கு. எனக்கு அங்க இருக்க உரிமையே இல்லன்னு சொல்றாங்களே, உண்மையா?

சட்டம் படிக்கும் பையன்:

இல்லங்க. குடும்பமா வாழ்ந்த வீடு மாமனார், மாமியார் பேருல இருந்தாலும் இருக்கறதுக்கு உரிமை கேக்கலாம்னு 2020ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. சொத்து உங்களுதாகாது, ஆனா கோர்ட்டுக்குப் போகாம கையைப் பிடிச்சு வெளியில தள்ள முடியாது.

நகரி ஆட்டோ:

நான் ஆம்பளை, இங்க எழுதலாமான்னு தெரியல. தப்பா இருந்தா சொல்லுங்க, எடுத்துடறேன்.

ஆந்திராவுல நகரியிலேருந்து திருத்தணி சவாரி ஓட்டறவன் நான். ஒரு நாள் ராத்திரி பதினோரு மணி இருக்கும், ஒரு அம்மா, ஒரு சின்னப் பொண்ணு, பதினாலு வயசுப் பையன் மூணு பேரும் ரோட்டுல நின்னாங்க. அந்தம்மா காதோரம் ரத்தம். எங்க போகணும்னா அவங்களுக்கே தெரியல. 181 அடிச்சுக் குடுத்தேன். எடுத்தவங்க தெலுங்குல பேசினாங்க. அந்தம்மா திருத்தணிப் பக்கத்துப் பொண்ணு, கடையில சாமான் வாங்கற அளவுக்குத்தான் தெலுங்கு தெரியும். அடிபட்ட வாயால அது வருமா? நான்தான் போனை வாங்கி ஒவ்வொண்ணா மாத்திச் சொன்னேன். "எங்க அடிச்சாரு"ன்னு அவங்க கேக்க, நான் அந்தம்மாவைக் கேக்க... முன்னப் பின்னத் தெரியாத ஆம்பளைகிட்ட எப்படிச் சொல்லுவாங்க, சொல்லுங்க.

ஒன் ஸ்டாப் சென்டருக்கு வரச் சொன்னாங்க. போலீஸ், டாக்டர், வக்கீல் எல்லாத்துக்கும் அங்கேருந்தே ஏற்பாடு, அஞ்சு நாள் வரைக்கும் தங்கலாம். வண்டி அனுப்பறோம்னாங்க, வர நேரமாகும்னு நானே ஓட்டிட்டுப் போய்ட்டேன். வாசல்ல போய்தான் தெரிஞ்சுது, பொண்ணு இருக்கலாம், அவ்வளவு வளர்ந்த பையனை உள்ள வெச்சுக்க முடியாதுன்னு. உள்ள வேற பொம்பளைங்க இருக்காங்க, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அந்தம்மா உள்ள வெச்ச காலை எடுத்துட்டாங்க. பையன், "நான் ஆட்டோவுலயே படுத்துக்கறேன், நீ போம்மா"ன்னான்.

எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். அஞ்சு நாளும் சாயங்காலம் என் போன்லதான் அம்மாகிட்டப் பேசினான். என் பொண்டாட்டி முதல் நாள் முறைச்சா, ரெண்டாம் நாள் அவனுக்குன்னு தனியா முட்டை வேக வெச்சா.

அப்புறம் திருத்தணியில அண்ணன் வீட்டுக்குப் போய்ட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன், வீட்டுக்காரரோட நின்னாங்க. என்னைப் பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி திரும்பிக்கிட்டாங்க. நானும் கூப்பிடல. அன்னிக்கு அவ்வளவு தூரம் ஓட்டினது வீண்தானோன்னு தோணுச்சு.

வேலந்தாவளம் அக்கா:

அண்ணா, எடுத்துடாதீங்க, இருக்கட்டும். அந்தம்மா மறுபடி ரோட்டுல நின்னா நிறுத்துங்க. நான் மேல எழுதினது மூணாவது தடவை வீட்டை விட்டு வந்த கதை. முன்ன ரெண்டு தடவை நானாத்தான் திரும்பிப் போனேன், அதை எழுத வெக்கமா இருந்துச்சுன்னு விட்டுட்டேன்.