புதுப்பிப்பு: அப்பாவின் ஃபிஸ்டுலா ஏன் தேறவில்லை

டயாலிசிஸுக்காக அப்பா கையில் ஃபிஸ்டுலா, அதாவது தமனியோடு சிரையை இணைத்த இணைப்பு, போட்டார்கள். அது ஏன் தேறவில்லை, அதாவது சிரை ஏன் போதுமான அளவு விரியவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் காரணம் தெரிந்துவிட்டது. தமனியோடு சிரையை இணைத்த இடத்துக்குச் சற்று மேலே சிரை சுருங்கியிருக்கிறது. தமனியின் அழுத்தம் சிரைக்குப் பழக்கமில்லாதது. அதைத் தாங்க உட்சுவர் தடிக்கிறது, அது மிஞ்சினால் பாதையே குறுகிவிடுகிறது. அப்புறம் ஓட்டம் மந்தமாகி ரத்தம் உறையவும் கூடும். ஃபிஸ்டுலா தேறிவிட்டது என்று சொல்ல, சிரை 6 மி.மீ. அகலம், நிமிடத்துக்கு 600 மி.லி. ஓட்டம் என்பது பொதுவான கணக்கு. அப்பாவுக்கு அது பாதிகூட இல்லை.

பலூன் வைத்து விரித்திருக்கிறார்கள். முன்பு தையலருகே வெறும் துடிப்புதான். இப்போது விரல் வைத்தால் மெல்லிய அதிர்வு முழங்கை வரை ஓடுகிறது. அவ்வளவு நிம்மதி! ஃபிஸ்டுலா உள்ளவர்கள் தினமும் தொட்டுப் பாருங்கள். அதிர்வு குறைந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.