புதுப்பிப்பு: போல்கார் சகோதரிகளில் நடுப்பெண் சோபியா

ஹங்கேரியின் போல்கார் சகோதரிகள் மூவரும் தந்தை லாஸ்லோவிடம் வீட்டிலேயே சதுரங்கம் பயின்றதைச் சென்ற இழையில் எழுதியிருந்தேன். பயிற்சி ஒன்றென்றால் விளைவு ஏன் வேறுபட்டது என்று சிலர் கேட்டதால் இந்தத் தொடர்ச்சி.

மூத்தவர் சூசன் 1996-இல் பெண்கள் உலகச் சாம்பியன் ஆனார். இளையவர் ஜூடித், 1991-இல், 15 வயதில், மிக இளம் வயது கிராண்ட்மாஸ்டர் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஃபிஷரின் சாதனையை முறியடித்து அந்தப் பட்டம் பெற்றதோடு, 2005-இல் ஆண்களும் அடங்கிய உலகத் தரவரிசையில் எட்டாம் இடத்தைத் தொட்டார். கேள்வி உண்மையில் சோபியாவைப் பற்றியதுதான். 1989-இல் ரோம் நகரப் போட்டியில், 14 வயதான அவர், கிராண்ட்மாஸ்டர்கள் பலர் ஆடிய களத்தில் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்று, கடைசி ஆட்டத்தை மட்டும் டிரா செய்து, 9-க்கு 8.5 புள்ளிகள் எடுத்தார். திறமையில் குறை என்று யார் சொல்ல முடியும்? ஆனாலும் கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழான சர்வதேச மாஸ்டர் பட்டத்தோடு நின்று, ஓவியத்தின் பக்கம் திரும்பினார்.

ஜூடித் தொடக்கத்தில் மெதுவாகக் கற்றவர், ஆனால் கடும் உழைப்பாளி என்று சூசனே சொல்லியிருக்கிறார். பயிற்சி மூவரையும் பலகையின் முன் உட்கார வைக்கும். எழுந்த பிறகும் ஆட்டம் மனத்தில் ஓடுமா என்பது அவரவரைப் பொறுத்தது. அதற்காகச் சோபியாவைச் சோம்பேறி என்பதை ஏற்க எனக்கு மனமில்லை. பிறந்த வரிசையையும் கணக்கில் கொள்ள வேண்டும்: 1969-இல் பிறந்த சூசனுக்கு வீட்டில் ஈடுகொடுக்கும் உடன்பிறப்பு இல்லை, 1976-இல் பிறந்த ஜூடித்துக்கோ, காய் நகர்த்தக் கற்ற நாளிலிருந்தே தேர்ந்த ஆட்டக்காரரான அக்காக்கள் இருவர் எதிரில் இருந்தனர்.