பாட்டி வீட்டு இலட்சுமி படம் பழைய கல்லச்சுதானா?

கேள்வி: காரைக்குடியில் பாட்டி வீட்டில் தொங்கிய, சேலையில் சமிக்கியும் சரிகையும் ஒட்டிய இலட்சுமி படம் என்னிடம் வந்திருக்கிறது. கீழ் ஓரத்தில் ரவிவர்மா அச்சகத்தின் பெயர் மங்கலாகத் தெரிகிறது. இது பழைய அச்சா, மறுபதிப்பா என எப்படி அறிவது?

மறுமொழி 1: பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். உருப்பெருக்கியைத் தாமரை இதழின்மேல் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல்லில் கையால் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டதால், கல்லச்சில் புள்ளிகள் மணல் தூவியதுபோல் ஒழுங்கின்றிக் கிடக்கும். ஆஃப்செட் என்னும் பிற்கால இயந்திரப் பதிப்பிலோ வரிசை பிசகாமல் நிற்கும்.

மறுமொழி 2: மேலே சொன்னது சரி. 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம், பிறகு லோனாவாலா அருகிலுள்ள மளவளிக்கு மாறி, ஃபிரிட்ஸ் ஷ்லைசர் என்ற ஜெர்மானியரின் கைக்குப் போனது. 1906இல் ஓவியர் ரவிவர்மா மறைந்த பின்னும் அச்சிடுதல் நிற்கவில்லை. ஆகவே கல்லச்சு என்று உறுதியானாலும், அவர் காலத்துப் படம் என்று ஆகிவிடாது.

கேள்வி கேட்டவர்: பார்த்துவிட்டேன். இதழின் ஓரத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் சிதறியே இருக்கின்றன. மிக்க நன்றி. சமிக்கியை எடுத்துவிடலாமா?

மறுமொழி 1: தயவுசெய்து எடுக்காதீர்கள். அந்த வீட்டுப் பெண்கள் கையால் செய்த அலங்காரமாக இருக்கலாம். என் கண்ணுக்கு அச்சைவிட அதுவே அரிது. ஈரத்துணியும் படக்கூடாது.