சுசீந்திரம் நடைபயணத்துக்கு கொஞ்சம் உதவி வேணும் மக்கா

எல்லாருக்கும் வணக்கம். எங்க மாமா 30 வருஷமா வில்லுப்பாட்டுல குடம் அடிச்சவரு, போன கோயில் கொடை விழாவுல பாதியில தாளம் தப்பிச்சு, நாங்க வயசாச்சுன்னு நெனச்சோம், ஸ்கேன்ல பாத்தா கிளியோபிளாஸ்டோமா, மூளையில வர்ற கேன்சர்லயே மோசமான வகை. ஆபரேஷன், ரேடியேஷன், கூட டெமோசோலமைடுங்கிற கீமோ மாத்திரை, 2005ல இருந்தே இதுதான் முக்கியமான வைத்தியமாம், கேட்டப்போ வயிறு எரிஞ்சு போச்சு.

அதான் ஜூன் 8, உலக மூளைக்கட்டி தினத்தன்னைக்கு நாகர்கோவில்ல இருந்து சுசீந்திரம் வரைக்கும் நடக்கலாம்னு இருக்கோம். வர்ற பணத்துல பாதி ஆராய்ச்சிக்கு, பாதி கொடை சீசன் முடிஞ்சா வருமானமே இல்லாத வில்லுப்பாட்டு, கணியான் கூத்து கலைஞர்களுக்கு. மழை வரும், தெரியும், குடை எடுத்துக்கலாம்.

இப்போ கேள்வி: ஆராய்ச்சிக்குன்னே தனியா பணம் வாங்கி வரிச்சலுகைக்கான 80ஜி ரசீது தர்ற இடம் எது, திருவனந்தபுரம் ஆர்சிசியா (ரீஜனல் கேன்சர் சென்டர்), சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டா? யாராவது குடுத்திருக்கீங்களா? ரோட்டுல நடக்க போலீஸ் பர்மிஷன் எத்தனை நாள் முன்னாடி கேக்கணும்? அப்புறம் மோர்ப்பந்தல் போட ரெண்டு பேரு, முதலுதவிக்கு ஒரு நர்ஸ் அக்கா கெடச்சா ரொம்ப உபகாரம். மாமா ஆட்டோல பின்னாடியே வருவேன்னு இப்பவே அடம்புடிக்காரு. கமெண்ட்ல சொல்லுங்க.