ரத்தநாளச் சுவரைத் தாண்டும் செல்கள்: எம்.எஸ். பற்றி நீங்கள் பார்த்தது, பட்டது

இருட்டறைக்காரி:

எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்) என்பது நம் நோய் எதிர்ப்புச் செல்களே மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய். அந்தச் செல்களில் ஒரு வகையான டி செல்கள் உள்ளே எப்படி நுழைகின்றன என்று பாடத்தில் படித்திருந்தேன். நேரில் பார்த்தது ஜெர்மனியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோதுதான்.

மயக்கத்தில் இருந்த எலி, அடியில் சூடான மெத்தை. தண்டுவடத்தின் மேல் ஒரு சொட்டு நீர், அதில் தோய்ந்த லென்ஸ். சொட்டு வற்ற வற்ற விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அது என் வேலை. எலியின் வால் அன்று விறைப்பாகத்தான் இருந்தது. எம்.எஸ். போல எலிக்கு வரவழைக்கும் நோயில் முதலில் துவள்வது வால்தான்.

திரையில் ரத்தநாளம் சிவப்பு, டி செல்கள் பச்சை. பெரும்பாலானவை கோடு போலத் தெரிந்து மறைந்தன. ஒன்று மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் மெல்ல ஊர ஆரம்பித்தது, அதுவும் ரத்தம் வரும் திசையை எதிர்த்து! ரொம்ப நேரம் சுவரைத் தடவித் தடவிப் போய், ஓரிடத்தில் உடம்பை ஒடுக்கி வெளியே நழுவியது. 2009இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையும் இதையே காட்டியிருந்தது.

வெளியே வந்தாலே தாக்குதல் தொடங்கிவிடாது. சுவரை ஒட்டி மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் செல்கள் இருக்கின்றன. அவை ஏந்திக் காட்டும் மயலின் (நரம்பைப் போர்த்தும் உறை) துண்டை டி செல் அடையாளம் கண்டால்தான் உள்ளே மேலும் முன்னேறும்.

இன்னொரு நாள், டி செல் சுவரைப் பிடிக்க உதவும் ஆல்ஃபா-4 இன்டெக்ரின் என்ற புரதத்தை அடைக்கும் ஆன்டிபாடியைச் செலுத்தினோம். ஊர்ந்துகொண்டிருந்தவை ஒவ்வொன்றாகப் பிடி நழுவி ரத்தத்தோடு போயின. அறையில் யாரும் பேசவில்லை.

மங்கிய சிவப்பு:

அக்கா, அந்த ஆன்டிபாடியின் மனித வடிவம்தான் எனக்கு ஏறுகிறது. நாட்டலிசுமாப், நான்கு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம், ஒரு மணி நேர டிரிப்.

எனக்கு முதலில் இடது கண். தக்காளி வெளிறித் தெரிந்தது. கண்ணாடி மாற்றச் சொல்லி அனுப்பிவிட்டார்கள், மூன்று மாதம் வீணாகப் போனது. பிறகு காடோலினியம் என்ற நிறமேற்றும் மருந்தை ரத்தத்தில் ஏற்றி எம்.ஆர்.ஐ எடுத்ததில் இரண்டு இடம் வெள்ளையாக ஒளிர்ந்தது. அங்கே நாளச் சுவர் கசிகிறது என்றார் டாக்டர். மருந்து தொடங்கியபின் புதிதாக எதுவும் ஒளிரவில்லை.

பயம், மூளையைத் தாக்கக்கூடிய ஜேசி வைரஸ்தான். காவலுக்குப் போகும் செல்களையும் மருந்து தடுத்துவிடுகிறதே. அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி அளவைப் பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. போன முறை அளவு கூடியிருந்தது. மருந்தை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன்.

இருட்டறைக்காரி:

நீயாக நிறுத்தாதே தம்பி. நிறுத்தினால் சில மாதத்தில் நோய் வேகமாகத் திரும்பக்கூடும். மாற்று மருந்தை முடிவு செய்துவிட்டுத்தான் நிறுத்துவார்கள். 2004இல் அனுமதி பெற்ற மருந்தை மறு வருடமே இந்த வைரஸால் வந்த மூளை நோய்க்காக நிறுத்தி, 2006இல் கண்காணிப்போடு திரும்பக் கொண்டுவந்தார்கள். உனக்குச் செய்யும் ரத்தப் பரிசோதனை அந்த எச்சரிக்கையின் தொடர்ச்சிதான். அந்த அளவு எவ்வளவு, எத்தனை டோஸ் முடிந்தது என்று டாக்டரிடம் கேட்டு எழுது. அடுத்த எம்.ஆர்.ஐ எப்போது?