"மாத்திரை குமட்டுது டீச்சர்"

பந்தலூர் பக்கத்து டீச்சர்:
எங்கள் பள்ளியில் வியாழக்கிழமை இரும்புச்சத்து மாத்திரை கொடுப்போம். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு வாரமாக வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். கேட்டால், "குமட்டுது டீச்சர்." அந்த மாத்திரைக்குப் பாதிப் பிள்ளைகள் சொல்வதுதானே? "சாப்பிட்டுட்டுப் போடு" என்று நகர்ந்துவிட்டேன். அப்புறம் மழை லீவு. லீவு முடிந்தும் அவள் வரவில்லை. எஸ்டேட் லயன் வீட்டுக்குத் தேடிப் போனபோது அவளுக்கு ஐந்தாம் மாதம்.

அவளுக்கே விஷயம் தாமதமாகத்தான் புரிந்திருக்கிறது. "நாள் முன்னே பின்னே வரும்" என்று அம்மா எப்போதோ சொன்னதை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாள். பாடப் புத்தகத்தில், இனப்பெருக்கப் பாடத்தில் எல்லாம் இருக்கிறது. "வீட்டில் படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைத் திருப்பியவர்களில் நானும் ஒருத்தி. வீட்டிலோ, "முறைப்பையன்தான் டீச்சர், பதினெட்டு ஆனதும் கட்டி வச்சுடறோம்" என்கிறார்கள்.

கோத்தகிரி நர்ஸ்:
முறைப்பையன் என்றால் சட்டம் ஒதுங்கிக்கொள்ளாது. 18 வயதுக்குக் கீழ் பெண்ணின் சம்மதம் செல்லாது. போக்சோ என்ற சிறார் பாலியல் குற்றத் தடுப்புச் சட்டத்தில் நாங்கள் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அதற்குப் பயந்துதான் மறைக்கிறார்கள். சிறுமிகளுக்கு 24 வாரம் வரை கருவைக் கலைக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதைத் தாண்டினால் மெடிக்கல் போர்டு, கோர்ட் என்று அலைச்சல். சிறுமியும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால், கலைக்கும் டாக்டர் போலீசுக்குத் தரும் தகவலில் சிறுமியின் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "முன்னாடியே சொல்லக் கூடாதா சிஸ்டர்?" என்று அழுதார். அப்போது ஏழு மாதம்.

குன்னூர் வாசி:
என் தோழிக்கு 16இல் கல்யாணம் பேசியபோது அவளே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தாள். சொந்தக்காரர்கள் இன்னும் முகம் கொடுப்பதில்லை. அவள் கல்லூரி இரண்டாம் ஆண்டு. டீச்சர், அந்தப் பெண் திரும்பப் பள்ளிக்கு வந்தாளா?

பந்தலூர் பக்கத்து டீச்சர்:
வரவில்லை. மறு வருஷம் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதினாள். குழந்தையைப் பாட்டி வெளியே வைத்துக்கொண்டு நின்றார்.

இப்போது அந்தப் பாடத்தைப் பையன்களையும் உட்கார வைத்தே எடுக்கிறேன். முதல் நாள் ஒரே சிரிப்பு. மூன்றாம் நாள்தான் கேள்வி வருகிறது. மாதவிலக்கு நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கப் பெண்பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். மாத்திரை குமட்டுகிறது என்றால் தனியாகக் கூப்பிட்டு, நாள் தள்ளிப் போயிருக்கா என்று கேட்டுவிடுகிறேன். போன வருஷம் அப்படிக் கேட்டதற்கு ஒருத்தி கோபித்துக்கொண்டு ஒரு வாரம் என்னோடு பேசவே இல்லை.